எதை நம்பச் சொல்கிறீர்கள்? கணித ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். நான் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள் இதழ்களில் ஒரு வரி எழுதியதில்லை. வாசிப்பவன், அவ்வளவுதான், அதிலும் பாதி புரியாமல் வாசிப்பவன். கணினியின் துணையோடு நிறுவிய தேற்றங்களை நீங்கள் அச்சிடும் விதம் பற்றி என்னிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் என்னுடைய அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோரிக்கை பிறந்தது அங்கேதான்.

2016-இல் ஹ்யூலே, குல்மன், மாரெக் என்ற மூவர் ஒரு பழைய கேள்விக்கு விடை கண்டார்கள். ரொனால்ட் கிரஹாம் என்ற அமெரிக்கக் கணிதக்காரர் 100 டாலர் பரிசு அறிவித்து வைத்திருந்த கேள்வி அது. இயல் எண்கள் ஒவ்வொன்றுக்கும் சிவப்போ நீலமோ பூச வேண்டும். 3, 4, 5 மாதிரி, 5, 12, 13 மாதிரி பிதாகரஸ் மூன்றன் தொகுதி (முதல் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் மூன்றாவதன் வர்க்கம் வரும் மூன்று எண்கள்) எதுவும் முழுக்க ஒரே நிறத்தில் வந்துவிடக் கூடாது. முடியுமா? 7824 வரை முடியும். 7825-ஐச் சேர்த்தால் முடியாது. 'முடியாது' என்பதைக் காட்ட டெக்சாஸில் ஒரு மீக்கணினியின் 800 செயலிகள் இரண்டு நாள் ஓடின. வெளியே வந்த நிரூபணத்தின் அளவு 200 டெராபைட்.

இதை யார் வாசிப்பது? நான் வாசிக்கப்போவதில்லை. குறைந்தபட்சம் அந்த மூன்றன் தொகுதிகளையாவது பட்டியல் போட்டுப் பார்ப்போம் என்று பைத்தான் நிரல் மொழியில் பத்து வரி எழுதினேன். என் அண்ணன் மகன், சித்தப்பாவுக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்துக்கொண்டே, தனியாக ஒன்று எழுதினான். அவனுக்கு வந்த எண்ணிக்கையைவிட எனக்கு 7 குறைவு. இரண்டு மணி நேரம் வாய்பாட்டைக் குடைந்தேன். வாய்பாடு சரி. பெருக்கல் சரி. வர்க்கமூலம் சரி. கடைசியில் பார்த்தால், எல்லையை '1 முதல் 7825 வரை' என்று கொடுத்திருக்கிறேன். பைத்தானில் அப்படிக் கொடுத்தால் கடைசி எண் சேராது, 7824-லேயே நின்றுவிடும். 7825-ஐக் கர்ணமாகக் கொண்ட செங்கோண முக்கோணங்கள் சரியாக ஏழு. 625, 7800, 7825 ஒன்று. 5180, 5865, 7825 இன்னொன்று. இப்படி ஏழும் விழுந்துபோயிருக்கின்றன.

எந்த எண் 'முடியும்' என்பதை 'முடியாது' என்று மாற்றுகிறதோ, அதே எண்ணை நான் வெளியே விட்டிருக்கிறேன். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வண்ணம் பூசத் தேடியிருந்தால் விடை 'முடியும்' என்றுதான் வந்திருக்க வேண்டும். கணினியே சொல்லிவிட்டது என்று நானும் சத்தியம் செய்திருப்பேன். கணினி ஒரு தப்பும் செய்யவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னது. நான் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்த கேள்வி வேறு.

கணினி நிரூபணங்களை நம்பலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் முதலில் எழும் சந்தேகம், இயந்திரம் தப்பாகக் கணக்குப் போட்டால் என்ன செய்வது என்பது. அது நியாயமான சந்தேகம்தான். 1994-இல் தாமஸ் நைஸ்லி என்ற பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் (11, 13 மாதிரி இரண்டு வித்தியாசத்தில் வரும் பகா எண்களின்) தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய பென்டியம் சில்லு வகுத்தலில் பிசகுவதைக் கண்டுபிடித்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். அந்தச் சில்லு 1.33373 என்றது. காரணம், வகுத்தலுக்காக உள்ளே வைத்திருந்த அட்டவணையில் சில கட்டங்கள் விடுபட்டிருந்தன.

அதற்கு முன்பே, 1989-இல், மான்ட்ரியலின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் கிளெமென்ட் லாம் குழுவினர் வரிசை 10 கொண்ட வீழ்த்தளம் (எந்த இரண்டு புள்ளிகள் வழியாகவும் ஒரே கோடு, எந்த இரண்டு கோடுகளுக்கும் ஒரே பொதுப் புள்ளி, ஒவ்வொரு கோட்டிலும் 11 புள்ளிகள் என்று அமையும் தளம்) கிடையாது என்று காட்டினார்கள். கிரே கணினி சுமார் 2000 மணி நேரம் ஓடியது. அந்த ரகக் கணினி ஏறக்குறைய ஆயிரம் மணி நேரத்துக்கு ஒரு முறை யாருக்கும் தெரியாமல் ஒரு பிழை செய்யும் என்பதை லாமே எழுதினார். அப்படியானால் இரண்டு மூன்று பிழைகள் நடந்திருக்கும். இதை அவர் மறைக்கவில்லை. அப்படி ஒரு தளம் இருந்திருந்தால் அது தேடலில் ஒரே இடத்தில் ஒளிந்திருக்காது, பல இடங்களில் தலைகாட்டியிருக்கும், எல்லா இடத்திலும் பிழை வந்து மறைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று வாதாடினார். எனக்கு அந்தக் கட்டுரை ரொம்பப் பிடிக்கும். கணிதக்காரர் ஒருவர் 'நான் சொல்வதை இந்த அளவுக்கு நம்புங்கள்' என்று அளந்து சொல்வதை வேறெங்கும் அவ்வளவு வெளிப்படையாகப் பார்த்ததில்லை. 2021-இல் வேறொரு குழு வேறு முறையில், சரிபார்க்கக்கூடிய சான்றிதழ்களோடு அதைத் திரும்பச் செய்தது. பழைய தேடல்களின் இடைக்கணக்குகளில் முரண்கள் தட்டுப்பட்டன. முடிவு மாறவில்லை.

சரி, இயந்திரம் பிசகுவதற்கு மருந்து உண்டு. இரண்டு முறை ஓட்டலாம், வேறு கணினியில் ஓட்டலாம். என் ஏழு தொகுதிகளுக்கு அந்த மருந்து பலிக்காது. ஆயிரம் கணினிகளில் ஓட்டியிருந்தாலும் அதே ஏழு குறைந்திருக்கும்.

நம் பழைய தருக்கத்தில் அளவை என்று ஒரு சொல் உண்டு. இதை நீ எப்படி அறிந்தாய் என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதில் அது. சைவ சித்தாந்திகள் பலவகை அளவைகளை எண்ணிவிட்டு அப்புறம் எல்லாவற்றையும் மூன்றில் அடக்குவார்கள்: காண்டல், கருதல், உரை. கண்ணால் கண்டது, காரணம் கொண்டு அறிந்தது, நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டது. பகா எண்களுக்கு முடிவில்லை என்பது எனக்குக் கருதல். யூக்ளிட்டின் வாதத்தை இப்போதே ஒரு தபால் அட்டையில் எழுதிக் காட்டுவேன். எந்த வரைபடத்திலும் அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறம் பெறாமல் பூச நான்கு வண்ணம் போதும் என்கிற நான்கு வண்ணத் தேற்றம் எனக்கு என்ன? பணியில் இருந்த காலம் முழுக்க அதை வகுப்பில் 'நிறுவப்பட்டது' என்றே சொல்லி வந்தேன். பலகையில் தமிழ்நாட்டு வரைபடத்தை வரைந்து மாவட்டங்களுக்கு நான்கு வண்ணச் சுண்ணக்கட்டியால் பூசியும் காட்டினேன். நிரூபணத்தை நான் கண்டதில்லை; அதன் காரணத் தொடரைப் பின்பற்றியதும் இல்லை. என்னிடம் இருந்தது உரை.

தாமஸ் டிமோச்கோ என்ற தத்துவப் பேராசிரியர் 1979-இல் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். நிரூபணம் என்றால் ஒரு மனிதர் முதலிலிருந்து கடைசி வரை கண்ணோட்டிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆப்பெலும் ஹாக்கனும் 1976-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1200 மணி நேரக் கணினி உழைப்போடு முடித்த நான்கு வண்ண நிரூபணம் அப்படிப்பட்டதல்ல. அதை ஏற்றால் ஆய்வகச் சோதனை மாதிரி ஒன்று கணிதத்துக்குள் நுழைந்துவிடுகிறது என்றார். அவர் சொன்ன கதை ஒன்று சுவையானது. செவ்வாய்க் கிரகத்தில் சைமன் என்று ஒரு கணித மேதை. முதலில் எல்லாவற்றையும் எழுதிக் காட்டி நிறுவினான். பின்னாளில், 'இது ரொம்ப நீளம், நான் சரிபார்த்துவிட்டேன்' என்று மட்டும் சொல்லத் தொடங்கினான். மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். தேற்றத்துக்குக் கீழே 'சைமன் சொன்னான்' என்று எழுதினால் போதும் என்றானது. நமக்கும் சைமனுக்கும் நடுவே இருப்பது அவன் சொல் மட்டும். நமக்கும் கணினிக்கும் நடுவே?

டிமோச்கோவின் நோய்க்கணிப்பு சரி. நோய் தொடங்கிய ஆண்டுதான் தப்பு என்பது என் கருத்து. மனிதர் எழுதிய நிரூபணத்தையும் நாம் பெரும்பாலும் உரையாகத்தான் பெறுகிறோம். முடிவுள்ள எளிய குலங்களின் வகைப்பாடு (இயற்கணிதத்தில் குலம் எனப்படும் அமைப்புகளின் அடிப்படை வகைகளை முழுக்கப் பட்டியலிடும் தேற்றம்) 1980களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதில் இருந்த ஓர் ஓட்டையை அஷ்பாக்கரும் ஸ்மித்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் அடைத்தது 2004-இல். நடுவே இருபது வருடம் எல்லோரும் அந்தத் தேற்றத்தைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற வாயவோட்ஸ்கி 1991-இல் கப்ரானோவோடு சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு கார்லோஸ் சிம்ப்சன் 1998-இல் எதிர் எடுத்துக்காட்டு கொடுத்தார். தன் கட்டுரையில் தப்பு இருக்கிறது என்று வாயவோட்ஸ்கிக்கு உறுதியானது 2013-இல். அதற்குள் அவர் கணினி வழிச் சரிபார்ப்பின் பக்கம் போய்விட்டிருந்தார். இதெல்லாம் புதிதும் இல்லை. எந்தக் கணிதக்காரரும் தன் நிரூபணத்தை முதல் தடவையே முழுக்க நம்புவதில்லை, திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க நம்பிக்கை கூடுகிறது, நண்பர்கள் ஆமோதித்தால் இன்னும் கூடுகிறது என்று தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்.

நான்கு வண்ணத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1879-இல் கெம்ப் நிறுவினார். 1890-இல் ஹீவுட் ஓட்டையைக் காட்டும்வரை பதினொரு வருடம் அது தேற்றமாகவே இருந்தது. ஆப்பெல், ஹாக்கன் நிரூபணம் வந்த பிறகு 1981-இல் உல்ரிச் ஷ்மிட் என்ற ஜெர்மானிய மாணவர் அதைச் சரிபார்த்து ஒரு பிழையைப் பிடித்தார். எங்கே? கணினி பார்த்த பகுதியில் இல்லை. மனிதர் கையால் செய்த பகுதியில். 1990களில் ராபர்ட்சன், சாண்டர்ஸ், சேமோர், தாமஸ் நால்வரும், கணினி சரிபார்க்க வேண்டிய வரைபட அமைப்புகளை 633-ஆக வைத்து, புது நிரூபணம் செய்ததற்குச் சொன்ன காரணமும் இதை ஒட்டியதே: பழைய நிரூபணத்தில் கையால் சரிபார்க்கலாம் என்று விடப்பட்ட பகுதியை, தங்களுக்குத் தெரிந்தவரை, யாரும் முழுதாகச் சரிபார்க்கவில்லை என்றார்கள்.

ஹாக்கனின் மகன் பெர்க்லியில் இதைப் பற்றிப் பேசியபோது அவை நாற்பது வயதில் இரண்டாகப் பிரிந்ததாம். மூத்தவர்களால் கணினி செய்ததை நம்ப முடியவில்லை. இளையவர்களால் 700 பக்கம் கையால் போட்ட கணக்கை நம்ப முடியவில்லை. எனக்கு வயது ஏற ஏற இளையவர்கள் பக்கம் சாய்ந்துகொண்டு வருகிறேன்.

ஆகவே கணினி வேண்டாம் என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கணினி நிரூபணம் 'ஏன்' என்று விளக்குவதில்லை என்ற குறையையும் இங்கே எடுக்கவில்லை. அது உண்மையான குறை. ஆனால் நம்பிக்கை பற்றிய கேள்வியோடு அதைக் கலந்தால் இரண்டும் கெடும்.

கெப்ளர் ஊகத்துக்கு வருகிறேன். பழக்கடையில் ஆரஞ்சை அடுக்குகிறார்களே, அதைவிட நெருக்கமாகச் சமக் கோளங்களை அடுக்க முடியாது என்று கெப்ளர் 1611-இல் எழுதினார். அந்த அடுக்கு இடத்தில் 74 சதவீதத்துக்குச் சற்று மேல் நிரப்பும். 1998-இல் தாமஸ் ஹேல்ஸ், மாணவர் ஃபெர்குசனின் துணையோடு அதை நிறுவினார். உங்களில் பெரும் மதிப்புப் பெற்ற இதழான அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் பன்னிரண்டு நடுவர்களை அமர்த்தியது. சில வருடங்கள் கழித்து அவர்கள் சொன்னது: 99 சதவீதம் உறுதி, முழுக்கச் சான்று தர முடியவில்லை, சக்தி தீர்ந்துவிட்டது. ஹேல்ஸுக்கு வந்த கடிதத்தில் ஆசிரியரே, இனிமேலும் அவர்களால் முடியாது என்று எழுதினார். மனிதர் செய்த பகுதியை வழக்கம்போல் சரிபார்ப்போம், கணினிப் பகுதியில் ஒவ்வொரு வரியையும் பார்க்காமல், பிழை நுழையாதபடி என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்போம் என ஒரு கொள்கையும் வந்தது. கட்டுரை 2005-இல் அச்சானது. அந்தக் கொள்கையைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது நேர்மையாகவே பட்டது. உரையை உரை என்று ஒப்புக்கொண்டது.

ஹேல்ஸுக்கு 99 போதவில்லை. 2003-இல் ஃபிளைஸ்பெக் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார். நிரூபணத்தின் ஒவ்வொரு அடியையும் கணினி சரிபார்க்கக்கூடிய முறைசார் மொழியில் எழுதி, எச்.ஓ.எல். லைட், இசபெல் என்ற இரண்டு மென்பொருள்களைக் கொண்டு சரிபார்ப்பது. 2014 ஆகஸ்டில் முடிந்தது. இந்த மென்பொருள்களின் அழகு, நம்ப வேண்டியதைச் சிறிதாக்குவதில் இருக்கிறது. 1960களில் டி பிரவுன் என்ற டச்சுக் கணிதக்காரர் கண்ட வழி அது. நிரூபணம் எவ்வளவு பெரிதானாலும், எந்த நிரல் உருவாக்கினாலும், கடைசியில் ஒரு சின்னக் கரு அதை அடி அடியாகப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். எச்.ஓ.எல். லைட்டின் கரு சில நூறு வரிகள்தான். ஒரு மனிதர் உட்கார்ந்து வாசிக்கலாம். 2005-இல் நான்கு வண்ணத் தேற்றத்தைக் கோந்தியே சரிபார்த்த காக் மென்பொருளின் கரு இன்னும் பெரியது. அதை வளர்ப்பவர்கள் அதில் கண்டுபிடித்த கடும்பிழைகளைப் பட்டியலிட்டுப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபின் எனக்கு நம்பிக்கை குறையவில்லை, கூடியது.

ஆனால் கரு எதைச் சரி என்கிறது? தன்னிடம் கொடுத்த கூற்று தன்னிடம் கொடுத்த வரையறைகளிலிருந்து வருகிறது என்பதை. அந்தக் கூற்று கெப்ளர் சொன்னதுதானா என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அதைப் படித்துச் சொல்ல ஆள்தான் வேண்டும்.

ஃபிளைஸ்பெக்கின் கடைசிக் கூற்றைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: புள்ளிகளின் எந்த அடுக்கை எடுத்தாலும் அதற்கு ஒரு மாறிலி உண்டு, ஆரம் 1 அல்லது அதற்கு மேற்பட்ட, ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட எந்தப் பந்துக்குள்ளும் அடுக்கின் புள்ளிகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணினால், அந்த எண்ணிக்கை, π (பை) என்ற எண்ணை 18-இன் வர்க்கமூலத்தால் வகுத்து ஆரத்தின் கனத்தால் பெருக்கியதோடு, மாறிலியை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கியதைக் கூட்டி வரும் அளவைத் தாண்டாது. அடுக்கு என்றால் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே தூரம் குறைந்தது 2. ஆரஞ்சு எங்கே போயிற்று? புள்ளிதான் ஆரஞ்சின் மையம். ஆரஞ்சின் ஆரம் 1. அதனால்தான் தூரம் 2. 74 சதவீதம் எங்கே? π-ஐ 18-இன் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள், 0.7405 வரும். மாறிலி எதற்கு? பந்தின் ஓரத்தில் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும் பழங்களுக்கு. இந்த மூன்று கேள்விக்கும் விடை சொல்வதற்கு எனக்கு ஒரு மாலை பிடித்தது. அந்த மாலைக்குப் பிறகுதான், தேற்றத்தின் கூற்றாவது எனக்குக் கருதல் ஆயிற்று. நிரூபணம் இன்னமும் உரையே.

இன்னொன்றும் இருக்கிறது. கெப்ளர் நிரூபணத்தின் ஒரு பகுதியாக இசபெல்லில் நிறுவிய வரைபட வகைப்பாட்டின் கூற்றை எச்.ஓ.எல். லைட்டுக்குக் கையால் மொழிபெயர்த்திருக்கிறார்கள். மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். கணினி ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடி எட்டிய உறுதி, அந்த ஓரிடத்தில் ஒரு மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு கடக்கிறது. என் '7825 வரை' நினைவுக்கு வந்தது.

இனி வரப்போவது இதைவிடப் பெரிது. 2024-இல் ஆல்ஃபாப்ரூஃப் என்ற நிரல் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாட் கணக்குகளில் மூன்றை, நிரூபணங்களைச் சரிபார்க்கும் லீன் என்ற கணினி மொழியில் தானே நிறுவியது. நிரூபணத்தை இயந்திரம் எழுதியது, இயந்திரமே சரிபார்த்தது. ஆனால் கேள்வியை லீனுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தது மனிதர்கள். நாளைக்கு அதையும் இயந்திரமே செய்யும். அன்றைக்குக் கேள்வியும் உரையாகிவிடும்.

என் கோரிக்கை சின்னது. கணினி நிரூபணம் எதை அச்சிட்டாலும் முதல் பக்கத்திலேயே, வாசகன் எதை நம்ப வேண்டியிருக்கிறது என்பதை வாக்கியங்களாக எழுதச் சொல்லுங்கள். சரிபார்த்த கூற்று எது, அதில் வரும் வரையறைகள் எவை, எந்தக் கரு, எது வேறிடத்தில் ஓடியது, எது கையால் நகல் எடுத்தது. ஒரு பக்கம் போதும். நடுவர்களில் ஒருவருக்கு நிரூபணத்தைத் தொட வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். கூற்றையும் வரையறைகளையும் மட்டும் வாசித்து, 'ஆமாம், இது அந்தக் கேள்விதான்' என்றோ, 'இல்லை, ஏழு குறைகிறது' என்றோ அவர் எழுதட்டும். அந்த அறிக்கையைக் கட்டுரையோடு சேர்த்து அச்சிடுங்கள். இதற்குப் பெரிய மேதை வேண்டியதில்லை. வகுப்பில் 'எல்லா' என்பதும் 'ஏதேனும் ஒரு' என்பதும் முன்பின்னாக மாறியதற்கு மதிப்பெண் குறைத்துப் பழகிய வாத்தியார் யாரும் செய்யக்கூடிய வேலை.

அப்படி ஒரு வேலைக்கு ஆள் தேடினால், மேலே சொன்ன கூற்றில் நான் இன்னும் ஓரிடத்தில் நின்றுகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'பந்து' என்று எழுதியிருக்கிறார்களே, அது ஓரத்தையும் சேர்த்த பந்தா, சேர்க்காததா? வரையறையைத் தேடிப் பிடித்தேன். சேர்க்காதது. ஓரத்தில் சரியாக உட்காரும் புள்ளிகள் கணக்கில் வராது. அவை விடுபட்டால் தேற்றம் பலவீனமாகிவிடுமே என்று ஒரு இரவு உறக்கம் வரவில்லை. காலையில் காபி குடிக்கும்போது தெரிந்தது: ஓரத்துப் புள்ளிகள் எவ்வளவு இருந்தாலும் ஆரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் பெருகும், அந்த மாறிலி அவற்றையும் விழுங்கிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் இதழ்களைப் பாதி புரிந்தும் புரியாமலும் வாசிக்கும்
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்